ரயில் தடம் இல்லாத மாவட்டத்தில் சானல்கரை: சைக்கிளுக்கு எவ்வளவு தேறும்?

கைவிட்ட ரயில் பாதையைச் சைக்கிள் பாதையாக மாற்றிய வெளிநாட்டுப் படங்களைப் பார்த்துவிட்டு, ‘நம்ம மாவட்டத்துல இப்படி ஒண்ணு கிடக்குமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் கிடையாது, இருக்க வழியும் இல்லை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியதே 1979-ல்தான். நாகர்கோவில் - திருநெல்வேலி இணைப்பு 1981-ல் வந்தது. இரண்டுமே போடும்போதே அகலப் பாதை. மீட்டர் கேஜை அகலப் பாதையாக்கிய ஊர்களில், வளைவை நிமிர்த்தும்போது பழைய மேடு சும்மா கிடந்துவிடுவது உண்டு. இங்கே அந்த வேலையே நடக்கவில்லை. ஓடுகிற தண்டவாளத்தை ஒட்டிய சரளைப் பாதையில் இறங்கிவிடலாமே என்று யாருக்காவது தோன்றினால், 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு அதை அத்துமீறல் என்கிறது: 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் ரயில் தடத்தில் சைக்கிள் ஏன் சுகமாக ஓடுகிறது என்று யோசித்தால், அந்தச் சுகத்தில் பெரும்பங்கு இங்கேயும் கிடைக்கும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால் ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையைக் குடைந்தும் பள்ளத்தைத் தூர்த்தும் சரிவை நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் வைத்தார்கள். நியூசிலாந்தின் ஒடாகோ சென்ட்ரல் பாதை (152 கி.மீ., 2000-ல் திறந்தது), பெல்ஜியம், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்றையும் தொட்டு ஓடும் 125 கி.மீ. வென்பான், இங்கிலாந்தில் பிரிஸ்டலையும் பாத் நகரையும் இணைக்கும் 21 கி.மீ. பாதை எல்லாவற்றின் ரகசியமும் அதுதான். ரயிலைவிடவும் ஏற்றத்துக்குப் பயப்படுவது தண்ணீர். மலையடிவாரத்தைச் சுற்றிச் சுற்றி, மட்டம் பார்த்து வெட்டிய பாசனக் கால்வாய் எங்கேயும் ஏறாது. அதன் கரைமேல் போகும் ஜீப் பாதையும் ஏறாது. குமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட கரை வேண்டிய அளவு இருக்கிறது.

இந்த ரிவ்யூ அந்தக் கரைகளுக்கு: தோவாளை சானல், அனந்தனார் சானல், சிற்றாறு பட்டணங்கால். யாரும் இவற்றைச் சைக்கிளுக்காக அமைக்கவில்லை. பொதுப்பணித் துறைக்காரர்கள் கரை பார்க்கவும், மடை திறக்கவும், உடைப்பை அடைக்கவும் போட்ட வழி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சரிவும் தரையும், கிராம் கணக்கில்

ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் பின்னால் இழுக்கிற பாரம் 850 கிராம். நாலாயிரம் அடிக்கு ஓர் அடி சரிகிற கால்வாய்க் கரையில் அது 21 கிராம், அதாவது இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் டயர் தரையில் உருள்வதற்கும் ஒரு பிடிமானச் செலவு உண்டு. நல்ல தாரில் சுமார் 425 கிராம், இளகிய செம்மண்ணில் ஒரு கிலோவைத் தாண்டும். ஆக, சரிவில் மிச்சம் பிடித்ததை மண் வாங்கிக்கொள்கிறது. ‘மட்டமான பாதைதானே, ஏன் கால் இப்படிக் கடுக்கிறது?’ என்பதற்கு விடை இதுதான். தாரில் மணிக்கு 24 கி.மீ. ஓட்டுகிறவர் சானல்கரை மண்ணில் 16, 17 என்று கணக்குப் போட்டுப் புறப்படுவது நல்லது.

தரை ஒரே மாதிரி இருக்காது. ஊருக்குள் வரும்போது காங்கிரீட் அல்லது தார், ஊர் முடிந்ததும் செம்மண், நடுவில் இரண்டு சக்கரத் தடமும் மத்தியில் புல்லும், அப்புறம் திடீரென்று ஜல்லி. ஓடும் தடம் இரண்டில் தண்ணீர்ப் பக்கம் இருப்பதை விட்டுவிட்டு வயல் பக்கத் தடத்தைப் பிடியுங்கள். சானலின் பக்கச்சுவர் காங்கிரீட் பூசி, பாசி படிந்து, சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். தண்ணீர் நிறைந்து ஓடும்போது உள்ளே விழுந்தவர் அடுத்த படித்துறை வரை பிடிமானம் இல்லாமல் போக வேண்டியதுதான். கைப்பிடிச் சுவர் எங்கோ ஒரு பாலத்தில் இருக்கும், கரையில் இருக்காது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் தண்ணீர் அடைத்த மாதங்களில் போவதே சரி.

தோவாளை சானல்

மூன்றில் முதலிடம் இதற்குத்தான். காட்சியை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. சமமட்டக் கால்வாய்க்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் பாய்வது பள்ளத்துப் பக்கம் மட்டும். மேட்டுப் பக்கம் மலை, பாறை, தோப்பு. அங்கே ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) இல்லாததால் வீடும் குறைவு, குறுக்கு ரோடும் குறைவு. கீழ்க்கரைதான் மண்ணைக் கொட்டி எழுப்பிய கரை, ஜீப் போகும் அகலம் அதில்தான். மேல்கரை மலைத்தண்ணீர் அரித்து வாய்க்கால் வாய்க்காலாகக் கிழிந்திருக்கும். இரண்டு கரையிலும் தடம் தெரிகிற இடத்தில் யோசிக்காமல் கீழ்க்கரைக்குப் போங்கள்.

தெரிசனங்கோப்பு, அழகியபாண்டியபுரம், கடுக்கரை, திடல் என்று மலையடிவார ஊர்கள் வரிசையாக இருக்கிற வட்டாரம் இது. தாடகை மலை மல்லாந்து படுத்த பெண்ணைப் போலத் தெரிவது இந்தப் பக்கத்திலிருந்துதான். காலை வெயில் கிழக்கிலிருந்து ஏறும்போது முகமும் மார்பும் தனித்தனியாகத் தெரியும், பத்து மணிக்கு மேல் எல்லாம் ஒரே நீலமாகிவிடும். கீழே நாஞ்சில் நாட்டு வயல், இடையிடையே வாழை, வரப்பில் தென்னை.

சானல் கடைசியில் நிலப்பாறைக்குப் போய், அங்கிருந்து ராதாபுரம் கால்வாயாகத் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் நுழைகிறது. அந்தப் பக்கம் 17,000 ஏக்கரும் 52 குளங்களும் இதை நம்பி இருக்கின்றன. கிழக்கே போகப் போக மழை குறையும், மரம் குறையும், முள் கூடும். முழுப் பச்சையில் தொடங்கி உடைமரத்தில் முடிகிற பாதை. அந்த மாற்றத்தைச் சைக்கிள் வேகத்தில் பார்ப்பதற்காகவே இதைப் பத்துக்கு எட்டு என்று வைக்கலாம். மீதி இரண்டு போவது, மலை ஓடைகள் சானலைக் குறுக்கே கடக்கிற இடங்களில். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை உடைவதும் மணல் மூட்டை அடுக்குவதும் அங்கேதான் நடக்கும். அடைத்த இடத்தில் மண் புதிதாக இருக்கும். இறுகும்வரை முன்சக்கரம் புதையும். இறங்கித் தள்ளுங்கள்.

இன்னொன்று: தோவாளைப் பக்கம் நெடுஞ்சாலையைத் தொடுகிற திட்டம் இருந்தால், விடிவதற்கு முன் அங்கே போய் நிற்காதீர்கள். பூச்சந்தைக்கு வருகிற வண்டிகள் பிச்சிப்பூ வாடுவதற்குள் போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் இருக்கும். அந்த வேகத்துக்கு முன்னால் சைக்கிள் விளக்கு கண்ணில் படாது.

அனந்தனார்

நாகர்கோவில் நகருக்குள் நுழையும் சானல். அதுதான் இதன் குறை. நகரத்துப் பகுதியில் கரையே தெருவாகிவிட்டது: வாசற்படி, பைக், துணிக்கொடி, குப்பை, சானலில் சாக்கடை. போக்குவரத்து இல்லாத பாதை என்று இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நகரத்தைத் தாண்டிய மேல்பகுதி மட்டும் தேறும். நகருக்குள் வீடு இருப்பவர்கள், அதிகாலை 5.45-க்குக் கிளம்பி மேல்பக்கமாகப் போய் 7.30-க்குள் திரும்பிவிடும் தினசரி ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து இதற்காக வர வேண்டாம். பத்துக்கு நாலு.

பட்டணங்கால்

ரப்பர்த் தோட்டம், செம்பாறை வெட்டு, நிழல். நண்பகலிலும் ஓட்டலாம் என்று சொல்லக்கூடிய ஒரே சானல்கரை. விளவங்கோடு, கல்குளம் பக்கத்து நிலம் மேடும் பள்ளமுமாக மடிந்து கிடப்பதால், கால்வாய் பள்ளத்தைக் கடக்கிற இடத்திலெல்லாம் தொட்டிப் பாலம் கட்டியிருக்கிறார்கள். ரயில் தடத்துக்கும் சானல்கரைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் உறைக்கும். ரயில் பாலம் ரயிலையும் அதன் பிறகு சைக்கிளையும் பள்ளத்துக்கு மேலே கொண்டுபோகும். தொட்டிப் பாலம் தண்ணீரை மட்டும் கொண்டுபோகும். சைக்கிள் கீழே இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடி ஏற வேண்டும்.

இதன் பெரிய உதாரணம் மாத்தூர் தொட்டிப் பாலம். பரளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்களில் தொட்டி நிற்கிறது. 1960-களில் கட்டியது. தொட்டியை ஒட்டிய நடைபாதை நடப்பவர்களுக்கானது, எதிரே ஆள் வந்தால் ஒதுங்கத்தான் இடம். ஹேண்டில் அகலம் அங்கே இடைஞ்சல். சைக்கிளை வெளியே பூட்டி வைத்துவிட்டு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறையும் கூட்டம் தாங்காது. பள்ளத்து ரோடுகளின் ஏற்றம் சின்னது, ஆனால் செங்குத்து. முன்னால் 34 பல், பின்னால் 34 பல் இல்லாத ரோடு சைக்கிளில் போனால் பாதி ஏற்றத்தில் இறங்க நேரும்.

மார்கழி, தை மாதங்களில் ரப்பர் இலை உதிரும். காய்ந்த இலை மெத்தைக்குக் கீழே கல் இருக்கிறதா குழி இருக்கிறதா தெரியாது. ஈரமானால் அந்த இலையே வழுக்கும். வளைவில் பிரேக் பிடிக்காமல், வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நிழல் தருகிற அதே மரம்தான் கரையை எப்போதும் ஈரமாக வைத்து, காங்கிரீட்டில் பாசியும் பிடிக்க வைக்கிறது. அழகுக்கு ஒன்பது, ஓட்டத்துக்கு ஐந்தரை.

ஏ.வி.எம். கால்வாயைக் கேட்பவர்களுக்கு: அனந்தபத்மநாபன், விக்டோரியா, மார்த்தாண்ட வர்மா மூவர் பெயரையும் தாங்கி 19-ம் நூற்றாண்டில் வெட்டிய கடலோரக் கால்வாய் அது. இன்று பல இடங்களில் தூர்ந்து, ஆக்கிரமிப்பில் கரையே காணாமல் போயிருக்கிறது. மணலில் டயர் புதையும். திட்டத்தில் சேர்க்காதீர்கள். அதற்குப் பதில் தேரூர், சுசீந்திரம் குளக்கரைப் பக்கம் அரை மணி நேரம் சுற்றலாம். 2022-ல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். பறவைக்குப் போகிறவர்கள் ஐப்பசிக்குப் பிறகு போக வேண்டும்.

எந்த மாதம்?

இந்தச் சானல்களுக்குத் தண்ணீர் தருகிற அணைகளில் பேச்சிப்பாறை 1906-ல் முடிந்தது. கட்டிய பொறியாளர் மிஞ்சினை மலையோர மக்கள் ‘மூக்கன் துரை’ என்றார்கள். முழு மட்டம் பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி, சிற்றாறு இரண்டுக்கும் 18 அடி என்று தினமும் பேப்பரில் வருகிற அளவை நெல்காரர்கள் மட்டும் பார்த்தால் போதாது, சானல்கரையில் ஓட்டுகிறவர்களும் பார்க்க வேண்டும். அணை நிரம்பி, மழையும் சேர்ந்தால் கரை ஊறி நிற்கும்.

வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் கன்னிப்பூ என்கிற முதல் போக நெல்லுக்குத் தண்ணீர் திறந்து, இரண்டாம் போகமான கும்பப்பூ முடிகிற பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் சானல் காய்ந்து கிடக்கும். அப்போதுதான் தூர்வாருவார்கள். வாரிய சேற்றை எங்கே கொட்டுவார்கள்? கரைமேல், அதாவது நம் பாதைமேல். காய்ந்த பிறகு அது கட்டி கட்டியாக, உள்ளே பாட்டில் துண்டும் கம்பியும் சேர்ந்து, டயருக்கு எமன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் மேற்குக் காற்றைப் புனல் மாதிரி இழுக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், 25 கி.மீ. எதிர்க்காற்றில் ஓட்டினால் நெஞ்சில் மோதுவது 43 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும் என்பதால், காற்றில்லாத நாளைப்போல் கிட்டத்தட்ட 6 மடங்கு இழுப்பு. நாகர்கோவிலிலிருந்து கிழக்கே போகும்போது ‘இன்று கால் நன்றாக ஓடுகிறதே’ என்று தோன்றும், திரும்பும்போது உண்மை புரியும். இந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் மேற்கே தொடங்குங்கள். காற்று எழும் முன் எதிர்ப்பக்கம் முடிந்துவிடும், களைத்த பிறகு காற்றே வீட்டுக்குத் தள்ளும்.

ஆக மிச்சம் இருப்பது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை. சானலில் தண்ணீர் ஓடும், கரை இறுகியிருக்கும், காற்று அடங்கியிருக்கும். இரண்டு மாதம்தானா என்றால், தோவாளை சானலின் மேற்குப் பகுதிக்கு மார்ச்சில் ஒரு பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம், தூர்வாரும் பொக்லைன் வருவதற்கு முன்.

டயர், காற்று, முள்

25 மி.மீ. ரோடு டயரோடு வராதீர்கள். 32 மி.மீ. குறைந்தபட்சம், 38-லிருந்து 42 வரை சுகம். 70 கிலோ ஆளுக்கு, 40 மி.மீ. டயரில் முன்னால் 38, பின்னால் 42 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு). தாரில் ஓட்டும் பழக்கத்தில் 70 பிஎஸ்ஐ அடித்தால் ஜல்லியில் சைக்கிள் துள்ளித் துள்ளி மணிக்கட்டு மரத்துப்போகும், பிடிப்பும் போய்விடும். ரொம்பக் குறைத்தால் பாலத்து விளிம்பில் இடிக்கும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சரில் இரட்டை ஓட்டை இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம், அடுத்த முறை 5 பிஎஸ்ஐ கூட்டுங்கள்.

முள்ளில் மூன்று வகை. நெருஞ்சி: எப்படி விழுந்தாலும் ஒரு முனை வானம் பார்க்கும். கோடையில், ஆள் நடமாட்டம் குறைந்த காய்ந்த மண்ணில் படர்ந்திருக்கும், மஞ்சள் பூ தெரிந்தாலே ஒதுங்கிவிட வேண்டும். பனங்கருக்கு: வெட்டிப்போட்ட பனைமட்டையின் ஓரத்துப் பல், டயரின் பக்கச் சுவரைக் கிழிக்கும். கிழிந்தால் பேட்ச் உதவாது, உள்ளே பழைய ட்யூப் துண்டை மடித்து வைத்து வீடு சேர வேண்டியதுதான். மூன்றாவது சீமைக்கருவேல், ஆரல்வாய்மொழி, நிலப்பாறைப் பக்கத்து ராஜா. இது குத்தி உள்ளேயே ஒடிந்துவிடும். ட்யூபை மாற்றிக் காற்றடித்தால் பத்து நிமிடத்தில் மறுபடி போகும்.

அதனால் ட்யூபைக் கழற்றியதும் டயரின் உள்பக்கத்தை ஒரு முறை சுற்றிவர வேண்டும். விரலால் தடவினால் விரல் கிழியும். பழைய பருத்தித் துணியை உருட்டி மெல்ல இழுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முனை இருக்கிறது. வெளியிலிருந்து தெரியாது. டயரை வெளிப்பக்கமாக வளைத்தால் உள்ளிருந்து ஒரு கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். நகவெட்டியால் பிடித்து இழுத்தால் வரும். காற்று வால்வை டயரின் கம்பெனி பெயருக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் இருந்தால் இந்தத் தேடல் இன்னும் எளிது: ட்யூபில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளியிருக்கிறதோ, டயரிலும் அதே சாணில் முள் இருக்கும்.

பேட்ச் ஒட்டுவதில் பலரும் செய்யும் பிழை அவசரம். உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிய படலமாகப் பூசி, பளபளப்பு போய் மங்கும்வரை 5 நிமிடம் விடுங்கள். ஈரத்தில் ஒட்டினால் ஓரம் பெயரும். ஒட்டிய பிறகு கல்லில் வைத்து ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். வியர்த்த கையால் தேய்த்த இடத்தைத் தொட்டுவிட்டால் மறுபடி தேய்ப்பதுதான் வழி.

ட்யூப்லெஸ் போட்டிருந்தால் 40 மி.மீ. டயருக்கு 80 முதல் 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கும் திரவம்). நம் வெயிலில் இரண்டு, மூன்று மாதத்தில் காய்ந்து ரப்பர் உருண்டையாகிவிடும். சக்கரத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சளசளப்பு கேட்கவில்லை என்றால் தீர்ந்துவிட்டது. சீமைக்கருவேல் பகுதிக்கு ட்யூப்லெஸ்ஸே மேல்.

கிராமத்துச் சைக்கிள் கடைகள் இன்னும் உண்டு, பஞ்சர் பார்க்கக் கை தேர்ந்தவர்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது பழைய சைக்கிள் வால்வுக்கும் பைக் வால்வுக்குமான பம்ப். மெல்லிய பிரெஸ்டா வால்வுக்குப் பித்தளை அடாப்டர் ஒன்றை, தொலையாதபடி வால்விலேயே திருகி வைத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரஸரில் அடிக்கும்போது அரை விநாடி, அரை விநாடியாக விடச் சொல்லுங்கள். லாரி டயர் ஞாபகத்தில் விட்டுவிட்டால் ட்யூப் வெடிக்கும்.

வைக்கோல்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கன்னி மாதமும் கும்ப மாதமும் அறுவடை. ஊர் ஓரத்துத் தார், காங்கிரீட் துண்டெல்லாம் நெல் காயும், வைக்கோல் காயும். வைக்கோல் மேல் ஏறினால் ஒரு தாள் பின்சக்கரத்தோடு சுற்றி, சங்கிலியைக் கியர் மாற்றும் டிரெய்லியரின் புல்லிக்குள் நுழையும். முதலில் ‘கிரிச்’ என்று ஒரு சத்தம். அப்போதே பெடலை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு மிதி மிதித்தால் டிரெய்லியர் ஆரங்களுக்குள் இழுபட்டு, அதைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஹேங்கர் வளையும் அல்லது முறியும். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கையால் ஒவ்வொரு தாளாக உருவுங்கள். கத்தியால் வெட்டினால் துண்டு பின்சக்கரத்துக் கேசட் பற்களுக்கு இடையில் ஒளிந்துகொண்டு வீடு வரை கியர் தாவும். உங்கள் சைக்கிளுக்குப் பொருந்தும் உதிரி ஹேங்கர் ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டு வையுங்கள். மாடலுக்கு மாடல் மாறுவதால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காத பொருள் இது ஒன்றுதான்.

நெல் காய்கிற இடத்தில் ஓரமாக இறங்கி உருட்டிப் போவது மரியாதை. நெல்லில் டயர் தடம் போனால் வசவு கிடைக்கும், நியாயம்தான்.

பாலமும் படித்துறையும்

குறுக்கு ரோடு வருகிற ஒவ்வொரு இடத்திலும் கரை கொஞ்சம் எழும்பிப் பாலத்தில் சேரும். பத்திருபது அடி நீளம்தான், ஆனால் செங்குத்து, சரளை. ஏறத் தொடங்கிய பிறகு கியர் மாற்றினால் சங்கிலி கழலும். பாலம் கண்ணில் பட்டதும் மாற்றிவிடுங்கள். மேலே ஏறிய வேகத்தில் ரோட்டைக் கடக்காதீர்கள். பாலத்துக் கைப்பிடிச் சுவர் மறைப்பதால் மினிபஸ் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

படித்துறைகள் பக்கம் வேகம் வேண்டாம், மணி அடியுங்கள். காலையில் குளிப்பவர்கள், துணி துவைப்பவர்கள், சோப்பு நுரை வழிந்த ஈரக் காங்கிரீட், குறுக்கே ஓடும் பிள்ளைகள். பெண்கள் குளிக்கிற துறை என்று தெரிந்தால் இறங்கி, தலையைத் தாழ்த்திக் கடந்துவிட வேண்டும். கேமராவை ஹேண்டிலில் மாட்டி ஓட்டுகிறவர்கள் அந்த இடத்தில் அதை அணைத்துவிடுவது கட்டாயம். ஒருவர் செய்யும் தப்புக்கு அந்தக் கரை எல்லாருக்கும் அடைபடும்.

நாய்க்கு ஓடாதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் ஐம்பதடியில் ஆர்வம் போய்விடும். மழைக்கு மறுநாள் பாம்பு வெயில் காயக் கரைக்கு வரும். நிழலும் வெயிலும் கலந்து விழும் இடத்தில் அதைக் கயிறு என்று நினைத்துவிடுவது சுலபம்.

குடிக்க, தின்ன

இரண்டு 750 மி.லி. பாட்டில் போதும், கடை இல்லாத தூரம் அதிகம் கிடையாது. ஏத்தன்பழம் (நேந்திரம்) ஒன்று, மட்டிப்பழம் நாலு பையில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குப் பயமில்லை. மட்டி சின்னது, தோல் மெல்லியது. மேலே வைத்தால் குலுங்கிக் கூழாகிவிடும், ட்யூபுக்கும் டூலுக்கும் மேல் துணி சுற்றி வையுங்கள். ஊர்க் கடைகளில் போஞ்சி (எலுமிச்சை ஜூஸ்) கேட்டால் உப்புப் போட்டுத் தரச் சொல்லுங்கள். சர்க்கரை மட்டும் போட்டதைவிட வெயிலுக்கு அதுதான் நிற்கும். கோடையில் வழியில் அக்கானி (பதநீர்) கிடைத்தால் ஒரு டம்ளரோடு நிறுத்துங்கள். இரண்டாவது டம்ளரோடு சைக்கிள் ஓடாது.

திரும்பி வந்ததும் சங்கிலியைத் துடைக்காமல் எண்ணெய் விடாதீர்கள். செம்மண் பொடியும் எண்ணெயும் சேர்ந்தால் அரைக்கும் மாவு. காய்ந்த துணியால் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கி இருபது சுற்றுச் சுற்றி, துணி கறுப்பு விடுவது நின்ற பிறகு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. கடலோரத்து வீடுகளில் இதை மறுநாளைக்குத் தள்ளினால் காலையில் கண்ணிகள் காவி நிறத்தில் இருக்கும்.